சுற்றறிக்கைக்கும் வகுப்பறைக்கும் இடையில்: வன்னியில் பாடத்திட்டமும் கணிப்பீடும்

மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் எழுதப்படும் பாடத்திட்டம் வன்னியின் துணுக்காயில் ஓர் ஆசிரியையின் கைக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறிவிடுகிறது. நிறுவகத்தின் பாட அலுவலர்கள் மாகாண வளவாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்கள் வலயத்து ஆசிரிய ஆலோசகர்களுக்குச் சொல்வார்கள். ஆலோசகர் வலயத்தில் ஒரு செயலமர்வு வைப்பார். பாடசாலைக்கு ஒருவரை அனுப்பும்படி கடிதம் போயிருக்கும். வந்தவர் மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வார். மகரகமவில் நாட்கணக்காகப் பேசப்பட்டது வகுப்பறை வாசலுக்கு வரும்போது ஐந்து நிமிடப் பேச்சாகியிருக்கும்.

இப்படிச் சுருங்கும்போது முதலில் உதிர்ந்துபோவது கணிப்பீடு பற்றிய பகுதி. பாடத்தில் புதிதாக வந்தது எது, நீக்கப்பட்டது எது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரு பிள்ளை குறித்த தேர்ச்சியை அடைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அதைத் தாளில் குறித்துக்கொண்டு வர முடியாது. கடந்த அரை நூற்றாண்டில் வன்னிக்கு வந்த சீர்திருத்தங்களை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் இந்த இடத்திலேயே சறுக்கியிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் முடிபு.

1972 இலிருந்து தொடங்கலாம். பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது பாடசாலை சேரும் வயது ஆறாக்கப்பட்டது. க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்துக்குத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் வந்தது. அதன் முதற் பரீட்சை 1975 இல் நடந்தது. தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று ஒரு புதுமை அதில் இருந்தது. அந்தந்த ஊரின் தொழிலை ஒட்டிப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது நோக்கம். வயலும் குளமும் முல்லைத்தீவுக் கடலும் கொண்ட வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடைத்திருக்காது. ஆனால், நெற்செய்கையை ஒரு பாடமாக எப்படிக் கற்பிப்பது, கற்றதை எப்படி அளப்பது என்பதில் ஆசிரியருக்குக் கைகொடுக்க ஆளில்லை. வயலில் இறங்கி வேலை தெரிந்த பிள்ளையும், அந்த வேலையைப் பற்றி எழுதத் தெரிந்த பிள்ளையும் ஒரே புள்ளித்திட்டத்துக்குள் வந்தார்கள். பெற்றோர் இதை இரண்டாந்தரப் படிப்பாகவே பார்த்தார்கள். 1977 இல் ஆட்சி மாறியதும் பழைய சாதாரண தரம் திரும்பி வந்தது.

அடுத்தது 1997 ஆம் ஆண்டின் சீர்திருத்தம். 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழுவின் விதந்துரைகளே இதற்கு அடித்தளம். 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999 இல் தரம் 1 க்கு நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிந்தது. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்ற பட்டியல் வந்தது. முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளையின் நுழைவுநிலையை விளையாட்டு மூலம் இனங்காணும் நிகழ்ச்சியும் வந்தது. குழந்தையைக் கூர்ந்து பார்த்து அறிந்துகொள்ளும்படி ஆசிரியரைக் கேட்ட முதற் சீர்திருத்தம் இதுவென்பேன்.

அந்த ஆண்டுகளில் வன்னி இருந்த நிலையை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. 1998 இல் மறுபடி கைமாறியது. 1997 மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பாடசாலைகள் மரநிழலிலும் கிடுகுக் கொட்டில்களிலும் நடந்தன. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் எண்ணித்தான் கிடைத்தன. இத்தனைக்கும் நடுவில் அரச பாடசாலைகள் கல்வித் திணைக்களத்தின் கீழேயே இயங்கின. அரச பாடத்திட்டமே கற்பிக்கப்பட்டது. நியமனம் பெற்ற ஆசிரியர் போதாத இடங்களைத் தொண்டர் ஆசிரியர்கள் நிரப்பினார்கள். உயர்தரம் முடித்த கையோடு அற்பக் கொடுப்பனவுக்கு வகுப்பெடுக்க வந்த இளம்பெண்கள் இல்லாவிட்டால் பல கிராமங்களில் ஆரம்பப் பிரிவே இருந்திராது. அவர்களில் பலர் ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமலே தேர்ச்சிப் பட்டியலைக் கையில் வாங்கினார்கள். பிள்ளையின் பெயருக்கு நேரே உள்ள கட்டங்களில் சரி அடையாளம் போட வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியது. எந்தப் பிள்ளைக்கு எப்போது போடுவது என்பதை யாரும் இருந்து காட்டவில்லை. பயிற்சி பெற்றவர்கள் நிரம்பிய பாடசாலைகளிலும் அந்தப் பட்டியல் தவணை முடிவில் ஒரே இருப்பில் நிரப்பப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். போர் இந்தக் குறையைப் பெரிதாக்கியது, உண்டாக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைத் திருத்துவது இந்நாட்டு வழக்கம். அதன்படி 2007 இல் தரம் 6 க்கும் தரம் 10 க்கும் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்தது. ஈடுபடச் செய்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிகளில் ஒரு பாடத்தை நடத்தும்படி ஆசிரியர் அறிவுரைப்பு வழிகாட்டி சொன்னது. ஒவ்வொரு செயற்பாட்டின் முடிவிலும் கணிப்பீட்டுக்கான நியதிகள் அச்சாகியிருந்தன. குழுவில் ஒத்துழைக்கிறார், கருத்தைத் தெளிவாக முன்வைக்கிறார் என்ற மாதிரியான வரிகள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாற்பது நிமிடத்துக்குள் இவற்றை எப்படிப் பார்ப்பது என்று நாடெங்கும் ஆசிரியர்கள் கேட்டார்கள். வன்னியில் அப்படிக் கேட்பதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. 2008 செப்ரெம்பர் அளவில் கிளிநொச்சியிலிருந்து பாடசாலைகள் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கின. 2009 ஜனவரி தொடக்கத்தில் நகரம் விழுந்தது. மே மாதம் போர் முடிந்தது. எஞ்சியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குள் வந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே பிள்ளைகள் முகாமிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள்.

2007 இல் தரம் 6 இல் இந்தப் புதிய பாடத்திட்டத்தோடு தொடங்கிய பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தரம் 7 இல் இடம்பெயர்வு. தரம் 8 முகாமில். மீள்குடியேறி, கூரை பறந்த கட்டடத்தில் தரம் 9. 2012 டிசம்பரில் சாதாரண தரம். அந்தப் பிள்ளையின் தேர்ச்சிப் பதிவேடு எந்தப் பதுங்குகுழியில் கிடக்கிறதோ தெரியாது. பரீட்சை மட்டும் தேதி தவறாமல் வந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே வினாத்தாளையே இந்தப் பிள்ளைக்கும் கொடுத்தார்கள்.

வன்னி ஆசிரியர் பரீட்சையை இறுகப் பிடித்துக்கொண்டதன் காரணம் இங்கே இருக்கிறது. எல்லாம் கலைந்துபோன இடத்தில் கலையாமல் நின்ற ஒரே அளவுகோல் அது. தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்றும் பாடத்திட்டம் சொல்வதைவிட உரத்துப் பேசுகின்றன. வடக்கில் ஓர் உயர்தர ஆசிரியரிடம் எதை வைத்துக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்டால், கடந்தகால வினாத்தாள்களையும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களையும் காட்டுவார். வழிகாட்டி நூல் அலுமாரியில் இருக்கும். இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேர்ச்சி மட்டம் என்றால் என்ன என்பதை அவருக்குத் தெளிவாகக் காட்டிய ஆவணம் வினாத்தாளும் அதன் புள்ளித்திட்டமும்தான். வழிகாட்டி நோக்கத்தைச் சொன்னது. வினாத்தாள் மாதிரியைக் காட்டியது. மாதிரியைக் கண்டவர் அதன் பக்கமே போவார்.

ஆசிரியரே நடத்திப் புள்ளியிடும் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு நேர்ந்ததும் இதே கதை. சாதாரண தரச் சான்றிதழில் அதன் பெறுபேறு தனியாகப் பதியப்பட்டது. உயர்தர வகுப்புக்கு எடுக்கும்போதோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ அந்தப் பகுதியைப் பெரும்பாலும் எவரும் பார்ப்பதில்லை. பார்க்காத பெறுபேற்றுக்கு ஆசிரியர் எவ்வளவு நேரம் செலவழிப்பார்? புள்ளிகள் தாராளமாயின. ஒரு பாடசாலையின் 80 இன்னொரு பாடசாலையின் 50 ஆக இருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இது நடந்தது. தமிழ்நாட்டில் 2012–13 இல் முப்பருவ முறையோடு முழுமையான தொடர் மதிப்பீடு வந்தது. வகுப்பறைச் செயற்பாடுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். கடையில் வாங்கி ஒட்டிய படங்களும், எல்லோருக்கும் முப்பத்தைந்துக்கு மேல் போட்ட பதிவேடுகளுமாக அந்த 40 பல இடங்களில் பொருளிழந்தது. அங்கே போர் இருக்கவில்லை. ஆசிரியரைப் பதிவேட்டோடு தனியே விட்டது இரண்டு இடங்களுக்கும் பொது.

இந்தத் தனிமைக்கு நிர்வாக அமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகளும் அவற்றின் ஆசிரியர்களும் மாகாணத்தின் பொறுப்பு. பாடத்திட்டத்தையும் பொதுப் பரீட்சையையும் மத்திய அரசு வைத்திருக்கிறது. பாடத்திட்டத்தை எழுதுபவர் ஒருவர், வினாத்தாளைத் தயாரிப்பவர் வேறொருவர், ஆசிரியருக்குச் சம்பளமும் இடமாற்றமும் கொடுப்பவர் மூன்றாமவர். வகுப்பறையில் குழப்பம் வந்தால் மூவரும் மற்ற இருவரைக் காட்டலாம்.

இடமாற்றம் என்றதும் வன்னியில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நியமனம் பெறுபவர்கள் விடியப் புறப்பட்டு பஸ்ஸிலும் புகையிரதத்திலும் வந்து போகிறார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றம் கேட்கிறார்கள். குடும்பம் உள்ளவர்களை அதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விளைவு கண்கூடு. ஒரு புதிய பாடத்திட்டத்தைப் பயின்று, இரண்டொரு வருடம் கற்பித்து, எது சரிவரும் எது வராது என்று தெளிந்த ஆசிரியர் அந்தத் தெளிவையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். பூந்தோட்டத்தில் உள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி வன்னிப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்குவதில் பெரும் பங்காற்றுகிறது. கல்லூரியில் இரண்டாண்டு, பாடசாலையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி என்ற அந்த அமைப்பு, புதிய பாடத்திட்டம் கல்லூரியின் விரிவுரைகளுக்குள் நேரத்தோடு புகுந்தால் மட்டுமே பயன்தரும்.

தூரமும் ஒரு தடை. கிளிநொச்சியின் இரு வலயங்கள், முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு என வன்னியின் வலயங்கள் பரப்பில் பெரியவை; பஸ் சேவை அருமை. கொக்கிளாயிலிருந்தோ ஐயன்கன்குளத்திலிருந்தோ அரைநாள் செயலமர்வுக்கு வருபவருக்கு முழுநாளும் போய்விடும். மூன்று ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பாடசாலையில் ஒருவர் போனால் இரண்டு வகுப்பு அன்றைக்குச் சும்மா இருக்கும். அதிபர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, 'இந்த முறை போகாமல் விடுங்கோ ரீச்சர், அடுத்த முறை பாப்பம்' என்கிறார். அவரிலும் பிழை சொல்ல ஏலாது.

மொழியையும் இங்கே சேர்க்க வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வருகின்றன, பிந்தியும் வருகின்றன. தமிழ் ஆசிரியர் படிக்கும் நியதி வசனம் பலவேளை இரண்டு மூன்று முறை வாசித்தாலும் பிடிபடாது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் நோவது நியாயமில்லை. தமிழ்ப் பிள்ளை எழுதிய விடையை எதிரில் வைத்துக்கொண்டு எழுதப்படாத நியதி எந்தத் தமிழில் எழுதினாலும் வறண்டுதான் இருக்கும்.

இனி, ஆசிரியருக்கு ஒரு மட்டம் எப்போது விளங்குகிறது என்று பார்ப்போம். சாதாரண தரக் கணித விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போய்வந்த ஆசிரியர்களிடம் பேசினால் ஒரு மாற்றம் தெரியும். திருத்தும் நிலையத்தில் முதலில் பிரதம பரீட்சகர் புள்ளித்திட்டத்தை விளக்குவார். பிறகு எல்லோரும் ஒரே விடைத்தாளைத் தனித்தனியே திருத்தி, போட்ட புள்ளிகளை ஒப்பிடுவார்கள். வட்டிக் கணக்கில் பிரதியீடு சரி, பெருக்கலில் பிழை, எத்தனை புள்ளி? ஒருவர் ஒன்று போட்டிருப்பார், இன்னொருவர் மூன்று. ஏன் என்று பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர், 'விடையை விடு, செய்த வழியைக் காட்டு' என்று பிள்ளைக்குச் சொல்லத் தொடங்குகிறார். எந்தச் செயலமர்வும் இவ்வளவு விரைவாக ஓர் ஆசிரியரை மாற்றியதாக நான் அறியேன்.

பரீட்சைத் திணைக்களம் பாடந்தோறும் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளும் இதற்கு உதவக் கூடியவை. எந்த வினாவைப் பரீட்சார்த்திகள் தவிர்த்தார்கள், எங்கே பொதுவாகப் பிழைத்தார்கள், எதற்கு எப்படிப் புள்ளி என்றெல்லாம் அவற்றில் உண்டு. வன்னியின் ஒவ்வொரு இரண்டாம்நிலைப் பாடசாலையிலும் கணித, விஞ்ஞான, தமிழ் ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை அந்த அறிக்கையை விரித்துவைத்துத் தங்கள் பிள்ளைகளின் விடைகளோடு ஒப்பிட்டால், அதுவே நல்ல பயிற்சி.

தரம் 5 புலமைப்பரிசிலைத் தவிர ஆரம்பப் பிரிவுக்குப் பொதுப் பரீட்சை விடைத்தாள் கிடையாது. அங்கே பிள்ளையின் கொப்பிதான் ஆதாரம். தரம் 3 பிள்ளை ஒன்று 'எங்கள் குளம்' என்று நான்கு வரி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 'குளத்தில தண்ணி கூட. வான் பாஞ்சது. அப்பா வலை போட்டவர். மீன் பட இல்லை.' ஓர் ஆசிரியர் இதைக் கீழ் மட்டத்தில் வைப்பார்: பேச்சுவழக்கு, வரிகள் குட்டை. மற்றவர் உயர்த்தி வைப்பார்: நிகழ்ச்சிகள் ஒழுங்காக வருகின்றன, தண்ணீர் கூடினால் வலையில் மீன் குறையும் என்ற தொடர்பைப் பிள்ளை தானாகக் கண்டிருக்கிறது, எட்டு வயதில் அது சின்ன விடயமில்லை. இருவரும் ஒரே மேசையில் இருந்து வாதாடினால், 'தன் அனுபவத்தை எழுத்தில் வெளிப்படுத்துவார்' என்ற தேர்ச்சி வரிக்கு அன்றைக்குத்தான் பொருள் கிடைக்கிறது. எழுத்துநடைக்கு ஒரு கணிப்பு, சிந்தனைக்கு ஒரு கணிப்பு என்று பிரித்துப் பார்க்கவும் அப்போதுதான் தோன்றும்.

இந்த முறையை ஒரு நாட்டின் பெரும் மாநிலமே கையாண்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 1970 ஆம் ஆண்டின் ரட்ஃபோர்ட் அறிக்கைக்குப் பின் பொதுப் பரீட்சையை நீக்கியது. அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, பாடசாலைகள் தங்கள் மாணவரின் வேலைகளைக் கொண்டுவந்து மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் முன் வைத்து மட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டன. 2020 இல் அங்கும் வெளிவாரிப் பரீட்சை ஓரளவு திரும்பியது. பரீட்சையை ஒழிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; இலங்கையில் அதற்கான நம்பிக்கை இன்னும் வளரவில்லை. அந்த ஒப்பீட்டுக் கூட்டங்களில் ஆசிரியர்கள் பெற்ற தேர்ச்சியையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980 களிலேயே எழுதியதும் இதற்கு அரண்: விரிவுரை கேட்டுவிட்டுப் போகும் ஆசிரியரிடம் வகுப்பறை மாற்றம் மிகக் குறைவு, சக ஆசிரியரின் தொடர்ந்த துணை கிடைத்தால் அது வேரூன்றும்.

இப்போது வந்திருக்கும் சீர்திருத்தத்துக்கு வருவோம். பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரினி அமரசூரிய 2026 முதல் தரம் 1 க்கும் தரம் 6 க்கும் புதிய பாடத்திட்டம் என்று அறிவித்தார். மொடியூல்கள், திறமைப் புள்ளிகள், பரீட்சைச் சுமையைக் குறைத்துத் தொடர்கணிப்பைக் கூட்டுதல் என்பவை அதன் சாரம். தரம் 6 ஆங்கில மொடியூலில் பொருத்தமற்ற ஓர் இணையத்தளப் பெயர் அச்சானதால் எழுந்த சர்ச்சையோடு, 2026 ஜனவரியில் தரம் 6 மட்டும் 2027 க்குத் தள்ளிப்போனது. அரசியல் மேடைகளில் இதை எப்படியும் பேசிக்கொள்ளட்டும். வன்னி ஆசிரியருக்கு இது கையில் கிடைத்த ஒரு வருடம். முன்னைய சீர்திருத்தங்களில் ஒன்றுக்கும் இப்படி ஆயத்தக் காலம் இங்கே கிடைத்ததில்லை.

தொடர்கணிப்பின் புள்ளிகள் இம்முறை பிள்ளையின் எதிர்காலத்தோடு உண்மையிலேயே இணையப்போகின்றன என்றால், கொழும்பின் பெரிய பாடசாலை போடும் புள்ளியும் ஒட்டுசுட்டானின் சிறிய பாடசாலை போடும் புள்ளியும் ஒரே பொருளைத் தர வேண்டும். தராவிட்டால் சந்தேகம் சிறிய பாடசாலையின் மேல்தான் விழும். வசதியுள்ள வீட்டின் செயற்றிட்டம் அழகாக இருக்கும். தாய் கூலி வேலைக்குப் போகும் வீட்டின் செயற்றிட்டம் கசங்கியிருக்கும். மட்டங்களைப் பற்றி ஆசிரியர்கள் சேர்ந்திருந்து பேசி உறுதியாகாத இடத்தில் அழகுக்கே புள்ளி போகும். 1958 க்கும் 1977 க்கும் 1983 க்கும் பின் மலையகத்திலிருந்து வந்து பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், போரில் பெற்றோரை இழந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கும் வகுப்புகளில் இது வெறும் அளவீட்டுப் பிரச்சினையாக முடிந்துவிடாது.

செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. நடந்துபோகும் அல்லது மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் உள்ள நாலைந்து பாடசாலைகளைக் கொத்தணியாகச் சேர்க்கலாம். மாதத்தில் ஒரு பிற்பகல், பாடசாலை விட்டபின், ஒரே பாடத்து ஆசிரியர்கள் தலா மூன்று கொப்பிகளோடு கூடட்டும்: ஒன்று நன்றாகச் செய்தது, ஒன்று நடுத்தரம், ஒன்று தடுமாறியது. பெயர்களை மறைத்துக் கைமாற்றித் திருத்திப் பார்க்கட்டும். ஆசிரிய ஆலோசகரின் வேலை அங்கே வந்து விரிவுரை ஆற்றுவதாக இருக்கக் கூடாது. உடன்பாடு வராத இரண்டொரு கொப்பிகளைப் பிரதி எடுத்து அடுத்த கொத்தணிக்கும் மாகாணத்துக்கும் கொண்டுபோவதே அவர் செய்ய வேண்டியது. இப்படி ஒரு வருடம் சேரும் தமிழ்மொழிமூல மாதிரிகளை, மட்டமும் காரணமும் குறித்து, மகரகமவுக்கு அனுப்பினால் வழிகாட்டியின் அடுத்த பதிப்பில் மொழிபெயர்த்த உதாரணங்களுக்குப் பக்கத்தில் அவற்றை அச்சிடலாம். கூட்டத்துக்கு வரும் ஆசிரியருக்குப் பயணப்படியும், கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவதற்கான ஒழுங்கும் வேண்டும். இடமாற்றம் பெற்றுப் போகும் ஆசிரியர் அந்தக் கோப்பைப் பாடசாலையிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்பதை வலயக் கல்விப் பணிப்பாளர் எழுத்தில் கேட்க வேண்டும். தரம் 1 இல் புதிய பாடத்திட்டம் ஏற்கெனவே நடக்கிறபடியால் முதற் கூட்டங்களை ஆரம்பப் பிரிவில் வைத்து, தரம் 6 ஆசிரியர்களைப் பார்வையாளர்களாக அழைப்பது நல்லது. அடுத்த ஜனவரியில் மொடியூல் புத்தகம் கைக்கு வரும்போது, புத்தகத்தைத் திறக்குமுன்பே கொப்பியைப் பார்த்து மட்டம் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருக்கும்.